பதிமூன்று பவுண்டு, நாலு அவுன்ஸ்

பிப்ரவரியில் எங்கள் ஏரிக்கு வருபவர்கள் செய்யும் முதல் தவறு, சீக்கிரம் வருவது. விடியற்காலையில் படகை இறக்கி, விரல் விறைத்து, பத்து மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். குளிர்காலத்துப் பாஸ் மீன் சோம்பேறி. பாறைமேல் இரண்டு மணி நேரம் வெயில் விழுந்த பிறகுதான் வாயைத் திறக்கலாமா என்று யோசிக்கும். அதனால் நானும் என் சிநேகிதன் கிளீட்டும் அன்று பன்னிரண்டு மணிக்குத்தான் படகை இறக்கினோம், மேடம். இதை நீங்கள் முதலிலேயே கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

வியாழக்கிழமை மீன்பண்ணை லாரி வந்து ஏரியில் ட்ரவுட் மீன்களைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. பெரிய பாஸுக்கு அது கல்யாணச் சாப்பாடு. அதே நிறத்தில், அதே நீளத்தில் செய்த ரப்பர் பொய்மீனைத்தான் நாங்கள் எறிவோம். அது தரையோடு ஊர வேண்டும். ரீலை ஒரு சுற்று சுற்றிவிட்டு இருபது வரை எண்ணுவேன். பிறகு இன்னொரு சுற்று. ஒரு எறிதலுக்கே பத்து நிமிடம் ஆகும். நாள் முழுக்க ஒரு கடி கிடைத்தால் பெரிது. என்னை விட்டுப் போனபோது என் மனைவி சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

கிளீட் பார்ன்ஹார்ட்டுக்குப் பொறுமை கிடையாது, அதிர்ஷ்டம் உண்டு. போனில் தன் மனைவி லோரீனோடு பேசிக்கொண்டே பதினாலு பவுண்டு பாஸைப் பிடித்தவன். அந்தப் படம் தூண்டில் கடைச் சுவரில் தொங்குகிறது. என் பெரிய மீன் ஒன்பது பவுண்டு. அதற்கு எனக்கு இருபத்தாறு வருடம் ஆயிற்று.

வலை பிடிப்பவனுக்கு ஒரே ஒரு விதிதான். வலையைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். மீனை அதன்மேல் கொண்டுவருவது தூண்டில்காரன் வேலை. மூன்று வருடத்துக்கு முன் என் வாழ்நாள் மீன் படகு ஓரம் வந்தபோது கிளீட் வலையால் அதைக் குத்தப் பாய்ந்தான். முள் வலையில் மாட்டியது, மீன் உதறிக்கொண்டு போயிற்று. கையெட்டும் தூரத்தில் அதன் முதுகைப் பார்த்தேன். அதைப் பற்றி அவன் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. தூண்டில் கடையில் ஆள் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"மீன் போனதும் இவன் மூஞ்சியப் பாக்கணுமே. மிட்டாயப் பிடுங்கின புள்ள மாதிரி உதடு பிதுங்கிருச்சு. அது மீனே இல்லடா ஓரின், மரக்கட்டை. கட்டைக்காடா அழுத?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவனை நான் வெறுத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஏன் அவனோடு போனாய் என்று கேட்டீர்கள். படகு அவனுடையது.

அன்று தண்ணீர் நாற்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். கை வைத்தால் எலும்பு வலிக்கும். கிளீட் தடித்த கோட்டுக்கு மேல் மிதவைச் சட்டை இறுக்குகிறது என்று கழற்றி, மடித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தான். போட்டுக்கொள் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

"நீ மீன் புடிக்கிறியா, தியானம் பண்றியா?" என்றான் சூரியகாந்தி விதையைத் துப்பிக்கொண்டு. "உன் பொய்மீனுக்குத் தாடியே முளைச்சிருக்கும்."

"பேசாம இருடா."

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடித்தது. குளிரில் வெடுக்கென்று இழுக்காது. ஈரத் துண்டு மாட்டியதுபோல் தூண்டில் நரம்பு கனத்தது. முள்ளை ஏற்றினேன், கோல் வளைந்து நடுங்கியது. ஒரு முறை மேலே வந்து தலையை உதறியபோது அதன் வாயைப் பார்த்தோம். கிளீட் சிரிப்பை நிறுத்திவிட்டான். வலையை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தான்.

"வலைய உள்ள வச்சுட்டு சும்மா நில்லு," என்றேன்.

"நான் பாத்துக்கறேண்டா, நீ கிட்டக் கொண்டா."

பாய்ந்தான். மறுபடியும் பாய்ந்தான், மேடம். இந்த முறை வலை மீனைத் தொடவில்லை. அவன்தான் தலைகுப்புறப் போனான். நான் தள்ளவில்லை. இதை நீங்கள் தடித்த எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மேலே வந்தபோது அவனால் பேச முடியவில்லை. குளிர் மூச்சைப் பிடுங்கிவிடும். ஆனால் வலையை அவன் விடவில்லை. வளையத்தைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை என் பக்கம் நீட்டினான். நான் இடக்கையால் வாங்கினேன். அவன் கண்ணில் ஒரு நன்றி தெரிந்தது. பழைய சிநேகிதர்கள் இல்லையா.

மீன் இன்னும் மாட்டியிருந்தது. வலை ஒன்றுதான் இருந்தது.

"விடு," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. கைப்பிடியைத் திருகி இழுத்தேன். அவன் விரல் விறைத்திருந்ததால் வலை கையுறையோடு கழன்று வந்தது. வலையில் அவனுடைய கையுறை எப்படி வந்தது என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அப்படித்தான் வந்தது.

மீன் வலப்பக்கம் ஓடியது. மோட்டார் மிதியை அழுத்திப் படகை அந்தப் பக்கம் திருப்பினேன். கிளீட் இடப்பக்கம் இருந்தான். பிறகு வலையைத் தண்ணீருக்குள் வைத்து, அசையாமல் நின்று, மீனை அதன்மேல் கொண்டுவந்தேன். எவ்வளவு சுலபம் என்று அவன் பார்த்திருக்க வேண்டும். பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். தராசில் மாட்டினேன், பதிமூன்று பவுண்டு, நாலு அவுன்ஸ். அவன் பக்கம் திரும்பித் தூக்கிக் காட்டினேன். அப்போது அவன் தலை தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. "மரக்கட்டையாடா இது?" என்று கேட்டேன். என் போனில் இருக்கும் படம் அதற்குப் பிறகு எடுத்தது. மணி இரண்டு பதினேழு.

உதவிக்கு நான் அழைத்தது இரண்டு முப்பத்தொன்றுக்கு. நடுவில் பதினாலு நிமிடம் என்ன செய்தாய் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பிடித்த மீனை நாங்கள் ஏரியிலேயே திருப்பி விட்டுவிடுவோம். போராடிக் களைத்ததை அப்படியே எறிந்தால் வயிறு மேலாகக் கவிழ்ந்து செத்துப்போகும். படகு ஓரத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, செவுளில் தண்ணீர் ஓடும்படி முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். கிளீட் பத்தடி தள்ளி இருந்தான். முதல் ஐந்தாறு நிமிடம் என் பெயரைச் சொன்னான், பிறகு லோரீன் பெயரை, பிறகு எதுவும் சொல்லவில்லை. என் இரண்டு கையும் வேலையாக இருந்தது, மேடம். எழுந்து போயிருந்தால் அந்த மீன் பிழைத்திருக்காது. கடைசியில் வாலை ஒரு அடி அடித்துவிட்டு, பச்சை முதுகு மங்கி மங்கி ஆழத்துக்குப் போயிற்று. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். லோரீனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இருபத்தாறு வருடத்தில் என் கையில் ஒரு உயிரும் செத்ததில்லை.