காப்புக் கட்டிய உடம்பு

மழை விடாத ஊரில் படுக்கை விரிப்பைக் காயவைப்பதுதான் பெரிய பாடு, ஐயா. றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, புகை வாடையோடுதான் காயவைத்து எடுப்பேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதரைப் பார்த்துக்கொள்பவளுக்கு வேறு வழியில்லை.

என் வீட்டுக்காரர் கிருஷாந்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிங்கள டெலிநாடகங்களில் வருவார். கஹவத்தை பஸ்ஸில் ஏறினால் சிங்களப் பெண்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள், அவருக்கு மட்டும். கொழும்பிலேயே இருந்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக் கூத்தில் அருச்சுனன் வேஷம் கட்ட வருவார். அருச்சுனன் தவம் செய்யும் காட்சியில் உயரமான தபசு மரத்தில் ஏறிப் பாட அவரை விட்டால் ஆளில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழையில் நனைந்த அந்த மரத்திலிருந்துதான் வழுக்கி விழுந்தார். முகமும் குரலும் மட்டும் மிஞ்சின.

அருச்சுனன் வேஷக்காரருக்குக் கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டுவார்கள். அதை அவிழ்க்கும்வரை பெண்சாதி அந்த உடம்பைத் தொடக் கூடாது. எங்கள் ஆட்கள் இதில் ரொம்பக் கண்டிப்பு. இவரோ டெலிநாடகத்துக்கும் அதே பழக்கத்தை வைத்துக்கொண்டார். ஒரு வேஷம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். விழுந்த பிறகுதான் அவர் எனக்குப் புருஷனாகக் கிடைத்தார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புண் வராமல் இருக்க ராப்பகலாகப் புரட்டிப் படுக்கவைத்தேன். நன்றாகத்தான் இருந்தோம்.

அப்புறம் டைரக்டர் ஷிராஸ் வந்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவனின் கதையாம், முகம் மட்டும் நடித்தால் போதுமாம். இவர் அழுதுவிட்டார். கொழும்பில் வீடு, பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ், எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

"இனி ஒனக்குக் கஷ்டமில்ல தனுஜா. நீ இங்கனயே நிம்மதியா இரு," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

படப்பிடிப்புக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. காப்புக் கட்டிவிடச் சொல்லி அவரேதான் கேட்டார். கட்டினேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

முதல் நாள் சிரித்தார். "வெளையாடாத. பொரட்டி விடு, முதுகுல புண்ணு வந்துரும்."

"காப்பு கட்டியிருக்கீங்களே."

"அப்ப அவுத்துடு."

"அவுக்கணும்னா தொடணுமேங்க."

ஏசினார். பிறகு கெஞ்சினார். நீளக் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன், ஒரு நாளும் பட்டினி போடவில்லை. சத்தம் கேட்டுப் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தங்கம்மாக்கா வாசலுக்கு வந்தார். காப்புக் கட்டியிருக்கு, புதுப் படத்துக்குப் பாடம் பார்க்கிறார் என்றேன். என்னமா நடிக்கிறாரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிழமைகளில் எனக்கு விரிப்புத் துவைக்கும் வேலை இருக்கவில்லை. வாடை வந்தபோது சாம்பிராணி போட்டேன்.

அவருக்கு முதுகில் வலி தெரியாது, ஐயா. வலிக்காத இடத்தில் ஒருத்தி எப்படிக் கொடுமை செய்ய முடியும்? காய்ச்சல் வந்தது, குரல் இறங்கியது. ஷிராஸ் வண்டி அனுப்பிய காலையில் மூச்சு நின்றிருந்தது.

புண்ணிலிருந்து விஷம் ஏறி இறந்ததாக டாக்டர் சொல்கிறார். சரிதான். நான் புரட்டியிருந்தால் இருந்திருப்பார். தெரிந்துதான் புரட்டவில்லை, அவர் போகக் கூடாது என்றுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவருக்கு என்மேல் கோபம் இருந்ததாக மட்டும் எழுதாதீர்கள். கடைசி நாட்களில் அவர் ஷிராஸைக் கூப்பிடவில்லை, பெற்ற தாயைக் கூப்பிடவில்லை. தனுஜா, தனுஜா என்று என்னைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பெயரை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதே இல்லை.