கடிதத்தின் மேல்பாதி

மரக்காணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்கு முதல் எதிரி உப்புக் காற்றுதான், ஐயா. ஆறே மாதத்தில் எல்லாம் துருப்பிடிக்கும். அதனால் பழுதுபார்க்க நானே கற்றுக்கொண்டேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதும் அப்படி வந்த பழக்கம்.

பிரிண்ட் ஸ்க்ரீன் பொத்தானை அழுத்தினால், திரையில் தெரிவது படமாகிக் கிளிப்போர்டில் உட்காரும்; பேஸ்ட் செய்தால் அதுதான் வரும். அடுத்த படம் வந்தால் முந்தையது போய்விடும். போகாமலிருக்க ஒரு வரிக் கட்டளை எழுதினேன். ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரின் திரையை அது நிமிடத்துக்கொரு படமாக எடுத்து, தேதியையும் நேரத்தையும் பெயராக வைத்து, என் கம்ப்யூட்டரில் சேமித்துவிடும்.

என் தங்கை ஜோசப்பினுக்கும் ஆண்ட்ரூஸுக்கும் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள்; மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் எங்களில் கல்யாணம். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. தபாலில் வந்த ஏதோ காகிதத்தைப் பார்த்துவிட்டு அவன் வேண்டாமென்றான். அவள் அரளி விதையை அரைத்துக் குடித்தாள். சுனாமிக்கு முந்தின மாதம் அது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவனுக்கும் தெரியட்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த வருஷம் அவனுக்கும் கிறிஸ்டிக்கும் ஓலை வாசித்தார்கள். நல்ல பெண். மெயில் எழுத என் சென்டருக்குத்தான் வருவாள். ஏழாம் நம்பரில் நானே உட்காரவைத்தேன்.

"அண்ணா, இன்னா பேஸ்ட் பண்ணாலும் என் லெட்டரே படமா வருதுண்ணா" என்றாள் ஒருநாள்.

"வைரஸ்மா. நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன்.

அது அவள் பழைய காதலனுக்கு எழுதிய கடிதம். திரையில் ஒரு தடவைக்குப் பாதிதான் தெரியும். மேல்பாதியில், உன்னை மறக்க முடியவில்லை என்று இருந்தது. கீழ்ப்பாதியில், ஆண்ட்ரூஸை மனதார ஏற்றுக்கொண்டுவிட்டேன், இனி எழுதாதே என்று இருந்தது. இரண்டு படமும் என்னிடம் இருந்தன. மேல்பாதியை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். இரண்டாம் ஓலை வாசித்த பூசை முடிந்ததும் ஆண்ட்ரூஸின் அம்மா கையில் கொடுத்தேன். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று ஃபாதரே ஓலையில் வாசிக்கிறார். நான் சொன்னேன்.

புதன்கிழமை கிறிஸ்டியைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள். ஆண்ட்ரூஸ் கரையில் புரண்டு அழுதான். பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

என் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களில் ஆகப் பழையது ஜோசப்பினின் கடிதம், அதுவும் மேல்பாதி, என்கிறீர்கள். ஆமாம், இன்ஸ்பெக்டர் ஐயா. அதைத் தபாலில் அனுப்பியதும் நான்தான். தங்கையின் பழைய கதை மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாமா? அவள் மேல் ஆசை உள்ளவனாக இருந்தால் அவன் அதைக் கிழித்துப் போட்டிருப்பான். போடவில்லையே. என் தங்கையைக் கொன்றவன் அவன்தான்.