இரண்டாவது இலக்கம்

கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க முடியுமா? மூடிய அறையில் எனக்கு மூச்சு முட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆறு மாடி என்றாலும் படியேறித்தான் போவேன். இதை வைத்து என்னை ஓட்டாத நாளே இல்லை, என் தங்கையின் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "எங்க மச்சானை நம்பித் தொழில் பண்ணினா நான் பட்டினிதான்" என்பார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முப்பது வருடமாக அடுத்தவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். விடுமுறை நாட்களில் பழைய கட்டடங்களைப் பார்க்கப் போவேன். கோட்டை, கல்லறைத் தோட்டம், முக்கியமாகப் பழைய தேவாலயங்கள். மாப்பிள்ளையும் வருவார். அவருக்கு வரலாற்றில் துளி ஈடுபாடு கிடையாது, எனக்குத் துணையாக வந்தார். கோபுரத்தில் ஏறுவது, இருட்டுக்குள் நுழைவது எல்லாம் அவர் வேலை. உள்ளேயிருந்து அளவுகளைக் கத்துவார், நான் வெளிச்சத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொள்வேன்.

இது நடந்த தேவாலயத்தைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டிருக்கிறேன். வாசல் பலகையில் கட்டிய வருடம் 1771 என்று இருக்கிறது. அது தவறு, 1671தான் என்று நூற்றெட்டுப் பக்கங்களில் வாதாடியிருந்தேன். கட்டியவரின் கல்லறை பீடத்துக்கு அடியில் இருக்கிறது, அதில் கட்டிய வருடம் வெட்டியிருக்கிறது என்று ஒரு பழைய கடிதம் சொல்கிறது. கீழே போக வழிதான் தெரியவில்லை. நூல் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து, தரையை மாற்ற வந்தவர்கள் ஒரு கல்லைப் பெயர்த்தபோது வழி திறந்தது. மறுநாளே கான்கிரீட் போட்டு அடைத்துவிடுவார்களாம். சாவி வைத்திருக்கும் பெரியவர் எங்களுக்கு மதியம் வரை நேரம் கொடுத்தார்.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். "குழி கிழின்னு எல்லாத்துலயும் அவரையே எறக்கி விடாதீங்கண்ணா" என்றாள். சரிம்மா என்றேன்.

பெயர்த்த கல்லின் பள்ளத்தை எட்டிப் பார்த்ததுமே இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். நனைந்த மண்ணின் வாடை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நெடுநாள் மூடிக் கிடந்த இடத்தில் காற்று கெட்டிருக்கும், ஆள் இறங்கினால் சில நிமிடம்கூடத் தாங்காது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பிக் கூண்டில் மெழுகுவத்தியை ஏற்றிக் கயிற்றில் இறக்குவோம். அது எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். அந்த ஒரு வேலை மட்டும் என்னுடையது. மேலேயே நின்று செய்யலாம் அல்லவா.

மாப்பிள்ளை வேனிலிருந்து ஏணியை எடுக்கப் போயிருந்தார். நான் மெழுகுவத்தியை இறக்கினேன். பாதி ஆழத்தில் சுடர் சிறுத்து அணைந்தது. திரி ஈரமாக இருந்திருக்கும் என்று மறுபடி ஏற்றி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. மேலே இழுத்து, பற்றவைத்து, தரையில் வைத்தேன்.

"எரியுதா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே ஏணியோடு வந்தார்.

"எரியுதே, பாருங்க" என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்போது எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா? கான்கிரீட்டை நினைத்துப் பயம், அந்த வருடம் தெரியாமலே செத்துப்போவேனோ என்று பயம். "மச்சானுக்குக் கட்டில்லேருந்து எறங்கவே ஏணி வேணும்" என்று சிரித்தபடி அவர் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "எழுத்து இருக்கு மச்சான். ஒண்ணு, ஏழு, ஏழு, ஒண்ணு."

"ரெண்டாவது ஆறா இருக்கும் மாப்பிள்ள. நல்லாத் தொடச்சுப் பாருங்க."

"தலை சுத்துது மச்சான். நான் ஏறிடுறேன்."

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு ஏறிடுங்க."

என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. ஏணிமேல் இருந்த டார்ச் வெளிச்சம் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பியது. கல்லைத் துடைக்கும் சத்தம் கேட்டது. "ஏழு" என்றார். பிறகு டார்ச் விழுந்தது.

எட்டு நிமிடம். குறட்டை மாதிரி ஒரு சத்தம் கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது. வெளியே வேலையாட்கள் இருந்தார்கள், ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் என்ன கேட்பார்களோ என்று பயந்தேன். சத்தம் இடைவெளி விட்டு வந்தது, அப்புறம் வரவில்லை.

சாவிக்காரப் பெரியவர் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, ஏணியில் கால் வைத்தார். நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தேன். "எறங்காதீங்க, காத்து கெட்டிருக்கு." அவர் இன்று உயிரோடு இருப்பது என்னால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். நோட்டை நீட்டினேன். என் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. 11.40 அணைந்தது. 11.44 மீண்டும் அணைந்தது. 11.52 இறங்கினார். மனிதர்களிடம் எப்படியோ பேசிவிடலாம், காகிதத்தில் தப்பாக எழுத எனக்குக் கை வராது.

கதவைத் திறக்கச் சொன்னது நான்தான். இப்போது அந்தப் பக்கம் பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அவள் மடியில் அவருடைய டூல் பை. தயவுசெய்து சாத்திவிடுங்கள், மூச்சு முட்டினாலும் பரவாயில்லை.

ஆமாம். அணைந்தது தெரிந்தேதான் அவரை இறங்கவிட்டேன். ஏற விடாமல் நிறுத்தியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் அந்த 1771ஐ மட்டும் உங்கள் அறிக்கையில் சேர்க்காதீர்கள். தலை சுற்றிக்கொண்டிருந்த மனிதர் படித்தது அது. காற்று தெளிந்த பிறகு, யாராவது இறங்கி இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.