பேசாத வரிசை

மத்தியானம் இரண்டு மணி. ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலை. ஒரு காக்கை கூட இல்லை...

பேய் ராத்திரிதான் வரும் என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். இது பகல் டியூட்டி பார்த்த பேய். எனக்குச் சொன்னவன் என் நண்பன், லிப்ட் மெக்கானிக். மேலே, கீழே என்பதைத் தவிர எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாதவன். நடந்தது அவன் அக்காவுக்கு. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்காக இல்லை, எனக்காகத்தான்.

அந்தச் சாலையில் அக்கா தனியாக நடந்து வந்தார். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், திருட வந்தவரைப் போல. உண்மையில், திருடியைப் பிடிக்க வந்தவர்.

அக்கா நர்ஸ். ஆராய்ச்சியும் செய்பவர். ஓயாமல் கேள்வி கேட்பதால் வார்டில் அவருக்குக் ‘கேள்விக்குறி’ என்று பட்டப்பெயர். அவர் ஆராய்ச்சி இதுதான்: ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் பக்கத்தில் தினமும் ஒரு நர்ஸ் சும்மா உட்கார்ந்து பேசினால், அவருக்குப் பயம் குறையுமா, தூக்கம் வருமா? இடப்பக்கக் கட்டில்களுக்குப் பேச்சு உண்டு. வலப்பக்கத்துக்கு மருந்து மட்டும். பேச்சால் பலன் உண்டு என்று தெரிந்தால், அதற்கென்று எடுத்த நர்ஸ்களை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் யாரும் பேசாத வலப்பக்கம்தான் குழந்தை மாதிரி தூங்கியது.

அக்காவுக்குச் சந்தேகம். யாரோ திருட்டுத்தனமாகப் பேசுகிறார்கள். முதல் சந்தேகம் ஹெட் நர்ஸ் மேல். நேராகவே கேட்டுவிட்டார். அந்தம்மா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சொன்னார்: “எனக்கு மூச்சு விடவே நேரமில்ல. இதுல பேச்சு வேறயா? நீங்கதான் வந்து பேசிட்டு, பழியை என் மேல போடறீங்களோன்னு நான் நெனச்சிட்டிருக்கேன்.”

வலப்பக்கம் படுத்திருந்த பஸ் டிரைவரை விசாரித்தார். தினமும் மத்தியானம் ஒரு நர்ஸம்மா வருவதாகவும், பொறுமையாகக் கேட்பதாகவும் அவர் சொன்னார். ஆள் எப்படி இருப்பார்? டிரைவர் யோசித்தார். “குரல் நல்லா ஞாபகம் இருக்கும்மா... மூஞ்சிதான் வர மாட்டேங்குது.”

அதனால்தான் அன்றைக்கு இந்தத் திருட்டு நடை. வலப்பக்கக் கடைசிக் கட்டில் காலி. அக்கா அதில் ஏறி, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். என்னைப் போன்றவன் என்றால் அங்கேயே தூங்கியிருப்பான். அக்கா தூங்கவில்லை.

மின்விசிறிச் சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு... கஞ்சி போட்ட துணி உரசும் சத்தம். காலடிச் சத்தம் மட்டும் இல்லை. ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஒரு வாசனை வருமே, அது. கட்டிலின் ஓரம் மெல்ல அமுங்கியது.

“தூக்கம் வரலையாம்மா?”

அக்கா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, ‘சிக்கினாயா’ என்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நல்ல கை. மிருதுவான கை. சூடு கூட இருந்தது. நர்ஸ் இல்லையா, விரல் பழக்கத்தில் நாடியைத் தேடியது. தேடியது... இன்னும் தேடியது...

நாடி இல்லை.

நானாக இருந்தால் மறுநாள் அந்தக் கட்டிலிலேயே நிரந்தர நோயாளி. அக்கா போர்வையை விலக்காமல், கையையும் விடாமல் கெஞ்சினாராம். நீங்கள் செய்வது நல்லதுதான். ஆனால் நீங்கள் வந்தால் என் கணக்கு தப்பும். பேச வைத்திருக்கிற அந்த நர்ஸ் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு எந்தக் கட்டிலிலும் பேச ஆள் இருக்காது. தயவுசெய்து இனி வராதீர்கள்.

கட்டில் ஓரம் இன்னும் அமுங்கியே இருந்தது. பிறகு, அழுகையை அடக்கிய மாதிரி ஒரு குரல்.

“அப்ப நான் யார்கிட்ட பேசறது?”

கை நழுவிவிட்டது. அக்கா போர்வையை விலக்கினார். யாரும் இல்லை.

அன்றைக்குப் பிறகு வலப்பக்கம் தூங்கவில்லை. டிரைவர் ராத்திரியெல்லாம் விளக்கை அணைக்க விடவில்லை. ஆராய்ச்சி ஜெயித்தது, நர்ஸ்களுக்கு வேலை நிலைத்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் இப்போதெல்லாம் அக்கா மத்தியானம் வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். நண்பன் பயந்துபோய், “நீ வந்து பாருடா, உனக்குத்தான் பேய்னா சிரிப்பாச்சே” என்று கூப்பிட்டான். வாய்ச்சவடால் விட்ட பாவத்துக்குப் போனேன். அவன் வாசலோடு நின்றுவிட்டான். நான் மட்டும் பூனை மாதிரி நடந்து, சாத்திய கதவில் காதை வைத்தேன்.

அக்கா பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

“ம்... ம்...”

கதவிடுக்கு வழியாக அதே இஸ்திரி வாசனை வந்தது. பிறகு தாழ்ந்த குரலில்,

“ஆமா, வெளிய நிக்கறது தம்பியோட சிநேகிதன்தான்... இல்ல... அவனுக்கு யாருமில்ல. தனியாத்தான் இருக்கான்.”