அவருக்கு எழுதின மாத்திரை

செண்பகனூரில் டவுன்பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் மருந்துக்கடைக் கவர் இருந்தது.

“புள்ள உண்டாகணும்னு டாக்டரம்மா எனக்கும் அவருக்கும் சேத்துத்தான் எழுதிக் குடுத்தாங்கக்கா. அவரு மாத்திரையையும் நாந்தான் முழுங்குறேன்.”

“ஏன்டி?”

“‘எம்மகனுக்கு என்ன கொறை? எல்லாத்தையும் நீயே தின்னு, வெரசா தங்கும்’னு அத்தை சொல்லிட்டாங்க. மலைப்பூண்டுப் பாலும் எனக்குத்தான்.”

“உன் வீட்டுக்காரரு?”

“டிவி பாத்துக்கிட்டிருந்தாரு.”

மூத்தவள் குரல் ஏறியது. “அடியே, அது ஆம்பளைக்கு உயிரணு கூடுறதுக்குக் குடுத்ததுடி! நீ முழுங்கினா அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?”

இளையவள் கவரை மடித்தாள். “நாளைக்கு அவருக்கு டெஸ்ட் வேற இருக்குக்கா.”

“அதையும் நீயே போய்க் குடுத்துட்டு வந்துரு!”