குறியிட்டு வந்த குரல்

நவம்பர் பதினான்கு. விடியற்காலை முதல் ஓயாத மழை. நண்பகலுக்குப் பின் காற்றும் சேர்ந்துகொண்டது.

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி அமருங்கள். இது என் நண்பரின் மைத்துனருக்கு நேர்ந்தது.

மாலை நான்கு மணி. மலைப்பாதையில் ஒரு வண்டியும் இல்லை... மண்சரிவு பாதையோடு தொலைத்தொடர்புக் கேபிளையும் அறுத்திருந்தது. மேலேயிருந்த சிறு மருத்துவமனைக்கும் கீழேயிருந்த நகரத்துக்கும் இடையே எஞ்சியது மெல்லிய ரேடியோ இணைப்பு ஒன்றே. எல்லா அழைப்புகளும் படங்களும் அந்த ஒன்றிலேயே நெரிந்தன; அவற்றில் எது முன்னே செல்லும், எது காத்திருக்கும் என்பதை நகரத்து அலுவலகத்திலிருந்து தீர்மானிப்பவர் மைத்துனர்.

அன்று மேலே அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவள் அவருடைய தங்கை. நகரத்து நிபுணர் திரையில் பார்த்து வழிகாட்ட, மேலேயுள்ள மருத்துவர் கத்தி பிடிக்க வேண்டும். முன்னதாக வார்டிலிருந்து போனில் சிரித்தாள்.

"டேய் தடியா, நடுவுல படம் நின்னுச்சு... செத்தாலும் உன்னை விடமாட்டேன்!"

"வாயை மூடிட்டுப் படு, கழுதை."

அறுவை சிகிச்சையின் நேரடிப் படத்துக்கு இணைப்பில் முதலிடம் அளித்தார். நெரிசலில் இடமின்றி மிஞ்சும் அழைப்புகளை இந்த வேலையிலுள்ள மற்றவர்கள் எறிந்துவிடுவார்கள். அவரோ எதையும் எறியாமல் கடைசி வரிசையில் காக்கவைப்பார்.

ஐந்தரை மணிக்கு இணைப்பின் வழியே நிபுணரின் அலறல் அவர் காதில் விழுந்தது.

"துடிப்பு நின்னுடுச்சு! அழுத்துங்க!"

அதே நொடியில் அறுவை அறையிலிருந்து இரண்டு குரல் அழைப்புகள் புறப்பட்டதைக் கணினி காட்டியது. அந்த அறையில் தொலைபேசியே கிடையாது... இணைப்பிலோ ஒன்றுக்குத்தான் இடம். ஒன்று அவசரக் குறி தாங்கி வந்தது; மற்றதில் குறி இல்லை. அக்குறியை அனுப்புபவர் எவரும் தாமே இட்டுக்கொள்ளலாம். ஆகவே சரிபார்த்த பின்பே விட வேண்டும். பதற்றத்தில் அவர் சரிபார்க்கவில்லை. குறியிட்டதை விட்டார். மற்றதைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்.

சன்னல்கள் மூடியிருந்தன... ஆயினும் அறையெங்கும் ஈர மண்ணின் வாசனை.

"துடிப்பு வந்துடுச்சு!"

சிகிச்சை முடிந்து படம் நின்றது. காலியான இணைப்பில் கடைசி வரிசை மெல்ல நகர்ந்தது. அவருடைய மேசைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தார்.

"தடியா... இங்க ஒரே இருட்டுடா. என்னைத் தள்ளிட்டு யாரோ முன்னாடி போயிட்டாங்க. வழி விடுடா..."

குரல் தேய்ந்தது. வரிசை காலியாயிற்று.

உடனே மருத்துவமனையை அழைத்தார்.

"கண்ணு முழிச்சுட்டாங்க சார். இந்தாங்க, பேசுங்க," என்றார் செவிலியர்.

ஒரு மூச்சு... இன்னொரு மூச்சு. பிறகு தங்கையின் அதே குரல், மிகுந்த மரியாதையுடன்:

"வழி விட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

அப்போது மணி மாலை ஆறு பதினேழு.