யோர்க் கோட்டையின் மணிக்கூடும் எங்கள் மணிக்கூடும்

ஓடுகிறோம். வயல்வெளி. மறைப்பு எதுவும் இல்லை. காலை 7.34. தெற்கே ஷெல் குத்தும் சத்தம், பீரங்கியை விட்டு அது கிளம்பும் சத்தம். எண்ணுகிறேன். பதினொன்றில் வெடிக்கிறது, குளக்கட்டுக்கு இப்பால். இரண்டாவதை ஒன்பதுவரைகூட எண்ணவில்லை.

"படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!"

பக்கத்து வீட்டு யோசேப்பு அண்ணை கத்துகிறார். தான் படுக்கவில்லை. அக்காவின் சின்ன மகள் வாணி நின்ற பக்கம் ஓடுகிறார். அவரைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

1997. செவ்வாய்க்கிழமை. வன்னி, புளியங்குளத்துக்கு மேற்கே. இரண்டு வீட்டார். பதினொரு பேர்.

முதல் நாள் மாலை கொழும்பு வானொலியில் இராணுவத்தின் அறிவித்தல் வந்தது. சனம் வெளியேறுவதற்காக மறுநாள் காலை ஆறு முதல் எட்டு வரை ஷெல் அடிக்கப்படாது. கொப்பியில் குறித்தேன். திகதியும் நேரமும் ஊரில் என்னிடம்தான் கேட்பார்கள். 6.50க்கே புறப்பட்டிருக்கலாம். அக்கா சிவமலர் அடுப்படியில் நின்றாள்.

"நேரம் கிடக்கோ தம்பி? பிள்ளையளுக்குச் சோறு வடிச்சுக் கட்டிக்கொண்டு வாறன்."

"கிடக்கு. எட்டு மட்டும் அடியாங்கள்."

7.12க்குப் புறப்பட்டோம். வயலைக் கடக்க அரை மணி வேண்டும்.

அக்காவின் கணவர் நவரத்தினம் அத்தான் இப்போது கனடாவில், ஒஷாவாவில் இருக்கிறார். எட்டு மணிக்கு முன்னமே அடித்தார்கள், சொன்ன வாக்கை மீறினார்கள் என்று கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறார். பக்கத்தில் இருந்து தலையாட்டியவன் நான்.

ரொறன்ரோவில் ஓய்வு பெற்ற பின் யோர்க் கோட்டையின் வரலாற்றை நாள்வாரியாக எழுதத் தொடங்கினேன். 1793இல், மிசிசாகா பழங்குடி மக்களின் ஏரிக்கரையில், பிரித்தானியர் காடு வெட்டி அமைத்த கோட்டை. பக்கத்தில் யோர்க் என்ற சிறு குடியேற்றம். இன்றைய நகரம் அதிலிருந்து வளர்ந்தது. 1813 ஏப்ரல் 27. அமெரிக்கக் கப்பல்கள் கோட்டைக்கு மேற்கே படை இறக்குகின்றன. பின்வாங்கும் பிரித்தானியப் படை வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்துகிறது. கல்லும் மரமும் ஆட்கள்மேல் கொட்டுகின்றன. படை கிங்ஸ்டன் பக்கம் போய்விட்டது. ஊரார் நின்று சரணடைந்தார்கள்.

எத்தனை மணிக்கு வெடித்தது? நூல்கள் ஒத்துப்போகவில்லை. அக்காலத்தில் எல்லோருக்கும் பொதுவான நேரம் கிடையாது. கப்பலுக்கு ஒரு மணிக்கூடு. கரைக்கு ஒன்று. கடந்த மாசி மாதம், மில்லிக்கனில் என் நிலக்கீழ் அறையில், இரண்டையும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் பேனையை வைத்தேன். வன்னிக் கொப்பியை எடுத்தேன்.

1996இல் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியது. கொழும்பின் ஆட்சிக்கு வெளியே இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. அரை மணி வித்தியாசம். வானொலி சொல்வது புதிய நேரம். அரை மணியைக் கழித்து எழுதி, ஓரத்தில் 'பழைய' என்று குறிப்பது என் வழக்கம். அந்த வரியில் 'ஆறு முதல் எட்டு' என்று இருக்கிறது. ஓரத்தில் 'பழைய' என்றும் இருக்கிறது. கழிக்காமலே கழித்ததாகக் குறித்திருக்கிறேன். அவர்களுடைய எட்டு எங்களுக்கு ஏழரை. முதல் ஷெல் 7.34க்கு.

வைகாசியில் அத்தானைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்வதற்காக. அவர் சுற்றிப் பார்த்தார்.

"உதுதானோ உன்ர கோட்டை? பக்கத்தில மேம்பாலத்தில கார் ஓடுது. ஏரியையும் காணேல்லை. எங்கட மாட்டுக்கொட்டில் உதைவிடப் பெரிசு."

"ஏரி அப்ப மதிலடியில நிண்டது, அத்தான். பிறகு மண் போட்டு நிரப்பினவை."

அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். கொப்பியைக் காட்டினேன். நேரத்தை விளக்கினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. உதை எழுதவும் வேண்டாம். அடிச்சவங்கள் அவங்கள்."

"ஓம். அடிச்சது அவங்கள்தான். நேரம் சொன்னது நான்."

"அப்ப அவள் உன்னைக் கேட்டுப்போட்டுத்தானே அடுப்படியில..."

முடிக்கவில்லை. எழும்பினார். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ரெயிலில் தனியே போனார்.

எழுதுகிறேன். எட்டு மணிக்கு முன் அடித்தார்கள் என்பது பிழை. எங்கள் சாட்சியத்தில் ஒரு பிழையை யாராவது கண்டுபிடித்தால் மிச்சத்தையும் பொய் என்பார்கள். ஆகவே நானே சொல்கிறேன். நான் தவறான நேரத்தைச் சொன்னேன். வெளியேறிக்கொண்டிருந்த சனத்தின் மேல் அவர்கள் ஷெல் அடித்தார்கள். பகல் வெளிச்சம். வெட்டவெளி வயல். நாங்கள் யார் என்று தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பதினொரு பேரில் எட்டுப் பேர் குளக்கட்டைக் கடந்தோம்.

இழந்தவை: இரண்டு வீடுகள். ஒரு உழவு இயந்திரம். பதினான்கு மாடுகள். அறுவடைக்கு நின்ற நெல்.

இழந்தவர்கள்: சிவமலர், வயது முப்பத்தாறு. வாணி, ஏழு. யோசேப்பு அண்ணை, சரியான வயது தெரியாது, ஐம்பதுக்குள்.

நவரத்தினம் அத்தான், எழுபத்தொன்று, ஒஷாவா. வைகாசி தொடக்கம் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. அவரோடு நான்கு பேர்.